காயம் வேறு, இயல்பு வேறு: ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ள பெண்கள் மனக்காயத்துக்குத் தெரபி தொடங்கும் வழி

வளர்ந்து பல ஆண்டுகள் கழித்துத் தனக்கு ஆட்டிசமோ (பிறரோடு பழகுவதும் புலன்கள் உணர்வதும் வேறாக அமைந்த மூளை இயல்பு) ஏடிஹெச்டியோ (கவனமும் செயல் கட்டுப்பாடும் வேறாக இயங்கும் மூளை இயல்பு) இருப்பதை அறிந்த பெண்களுக்காக இதை எழுதுகிறோம். இன்னும் உறுதியாகாமல் சந்தேகத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இவர்களில் பலர் பழைய மனக்காயங்களையும் சுமக்கிறார்கள். தெரபிக்குப் போய்ப் பார்த்து, பயனில்லாமல் பாதியில் விட்டவர்களும் உண்டு. குறை அவர்களிடம் இருந்ததைவிட, சிகிச்சை அவர்கள் நரம்பு மண்டலத்துக்குப் பொருந்தாமல் இருந்ததே அதிகம்.

நீங்கள் தேடும் சிகிச்சையில் இரண்டு அறிவும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, பழைய துன்பம் உடலையும் மனத்தையும் என்ன செய்யும் என்று தெரிந்து, சிகிச்சை அறையே இன்னொரு காயமாகிவிடாமல் பார்த்துக்கொள்வது. இன்னொன்று, ஆட்டிசத்தையும் ஏடிஹெச்டியையும் திருத்த வேண்டிய கோளாறாக நினைக்காமல், அந்த மூளைக்கு ஏற்றபடி சிகிச்சையை மாற்றியமைப்பது. மனக்காயம் மட்டும் அறிந்த தெரபிஸ்ட், நீங்கள் கைகளை அசைத்து உங்களை நிதானப்படுத்திக்கொள்வதைப் பதற்றத்தின் அறிகுறி என்று நிறுத்தப் பார்ப்பார். ஆட்டிசம் மட்டும் அறிந்தவர், உங்கள் பயம் எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிட்டுக் காயத்தைத் தொடாமலே விட்டுவிடுவார். காயத்தை ஆற்ற வேண்டும். இயல்புக்கு இடம் கொடுக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதன் மேல்தான் நிற்கிறது.

பழைய மருத்துவக் குறிப்புகளை எப்படிப் படிப்பது

ஆட்டிசம், ஏடிஹெச்டி பற்றிய அளவுகோல்கள் பெரும்பாலும் சிறுவர்களைப் பார்த்து உருவானவை. பிறரைக் கவனித்து, அவர்களைப் போலவே நடந்து, தன் இயல்பை மறைத்துக்கொள்ளும் பெண் அவற்றில் சிக்குவதில்லை. இந்த மறைத்தலைத்தான் மாஸ்கிங் என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை ஆட்டிசத்தையும் ஏடிஹெச்டியையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துக் கண்டறிய இடம் தரவில்லை. நீண்ட நாள் தொடர்ந்த கொடுமையின் விளைவான சிக்கலான பிடிஎஸ்டிக்கு (மனக்காயத்துக்குப் பின் வரும் அழுத்தக் கோளாறு) உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனி இடம் கிடைத்ததே அதன் 11ஆம் பதிப்பான ஐசிடி-11இல்தான். அது நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில்.

ஆகவே அதற்கு முந்தைய அறிக்கையில் மனச்சோர்வு, பொதுப் பதற்றம், பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சியும் உறவுகளும் நிலையில்லாமல் ஊசலாடுவது) என்று எழுதியிருந்தால், அது தவறு என்றோ முழு உண்மை என்றோ முடிவு கட்ட வேண்டாம். அந்த நாளில் மருத்துவர் கையில் இருந்த சொற்கள் அவை. புதிய தெரபிஸ்டிடம் அந்த அறிக்கையைக் கொடுக்கும்போது, எந்த ஆண்டில் எழுதியது, அப்போது ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் பரிசீலிக்கப்பட்டனவா என்று மேலே ஒரு வரி குறித்துக் கொடுங்கள்.

முதல் படி: ஒரு பக்கக் குறிப்பு

தெரபிஸ்டைத் தேடுவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதி வையுங்கள். பதற்றமான நேரத்தில் பேச்சு வராமல் போகும் பெண்களுக்கு இந்தத் தாள்தான் வாய். வாழ்க்கை வரலாறு வேண்டாம். காயத்தின் விவரமும் இப்போது வேண்டாம். இவை போதும்:

- எந்த ஒளி, ஓசை, மணம், தொடுகை தாங்க முடியாது
- கேள்வி கேட்ட பிறகு பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்
- திணறத் தொடங்கும்போது வெளியே தெரியும் அடையாளங்கள் (குரல் தட்டையாவது, சிரித்துக்கொண்டே இருப்பது, ஒற்றைச் சொல்லில் பதில் தருவது)
- அந்த நேரத்தில் எது உதவும், எது இன்னும் கெடுக்கும்
- சாப்பிடும் மருந்துகள், தூக்கம், வேறு உடல்நலப் பிரச்சினைகள்

இதோடு, மாதவிடாய் வருபவர்கள் குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்குத் தினமும் மனநிலை, தூக்கம், கவனம், ஓசை தாங்கும் திறன் ஆகியவற்றுக்கு 0 முதல் 5 வரை ஓர் எண் போட்டுவாருங்கள். ஏடிஹெச்டி உள்ள பலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளிலும் கவனமும் மனநிலையும் சரிகின்றன. மாதவிடாய்க்கு முன் மட்டும் வரும் கடுமையான மனநிலைக் கோளாறான பிஎம்டிடியை உறுதி செய்யவும் இரண்டு சுழற்சிகளின் தினசரிப் பதிவு தேவை. இந்தப் பதிவு இல்லாவிட்டால், உடல் ஏற்படுத்தும் சரிவைத் தெரபி தோற்றுவிட்டதாக நினைத்துவிடுவீர்கள். கனமான அமர்வுகளை எந்த வாரத்தில் வைக்கக் கூடாது என்பதையும் இதே தாள் சொல்லிவிடும்.

இணையத்தில் கிடைக்கும் வினாப்பட்டியல்களை நிரப்பிப் பார்க்கலாம். ஆட்டிசத்துக்கான 80 கேள்விகள் கொண்ட ராட்ஸ்-ஆர், மாஸ்கிங்கை அளக்கும் 25 கேள்விகள் கொண்ட கேட்-க்யூ, ஏடிஹெச்டிக்கான 18 கேள்விகள் கொண்ட ஏஎஸ்ஆர்எஸ் ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. மதிப்பெண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மனக்காயம் உள்ளவருக்கும் கவனம் சிதறும், கூட்டத்தில் உடல் விறைக்கும். அதனால் எண் ஏறும். எந்தக் கேள்விக்கு ஏன் அந்தப் பதிலைத் தந்தீர்கள் என்று ஓரத்தில் எழுதிய குறிப்புதான் தெரபிஸ்டுக்கு அதிகம் பயன்படும். தெரபி தொடங்க, கண்டறிதல் சான்றிதழ் கையில் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

எது காயம், எது இயல்பு?

இந்தப் பிரிப்பு முழுதாக முடியாது, முடிய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் தோராயமாகவாவது தெரிந்தால் எந்தக் கருவியை எதற்கு எடுப்பது என்பது தெளிவாகும். மூன்று கேள்விகள் உதவும். அந்தத் துன்பத்துக்கு முன்பே, சின்ன வயதிலேயே இது இருந்ததா? முழுப் பாதுகாப்பாக, நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் இருக்கிறதா? எந்தத் தூண்டலுக்கும் வருகிறதா, குறிப்பிட்ட ஆளையோ குரலையோ சூழலையோ நினைவூட்டும்போது மட்டும் வருகிறதா?

ஓசையை எடுத்துக்கொள்வோம். மிக்ஸி, ஹாரன், நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாமே சின்ன வயதிலிருந்து உடலைக் குத்தினால் அது புலன் சார்ந்த இயல்பு. கதவை அறைந்து சாத்தும் சத்தமும் மாடிப்படியில் வரும் காலடியும் மட்டும் நெஞ்சைப் பிடித்தால் அங்கே நினைவு பேசுகிறது. முதலாவதற்குக் காதடைப்பான் போதும். பழகினால் சரியாகிவிடும் என்று அந்த ஓசையையே திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது பலருக்குப் பயன் தருவதில்லை, வதைதான் மிஞ்சும். இரண்டாவதற்கு மனக்காயச் சிகிச்சை வேண்டும். அங்கே காதடைப்பான் மட்டும் போதாது.

மெல்ட்டவுனும் ஃப்ளாஷ்பேக்கும் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தோன்றும். மெல்ட்டவுன், சுமை நிரம்பி வழிவது. சில மணி நேரம் முன்பிருந்தே எரிச்சல், ஓசை தாங்காமை என்று ஏறிக்கொண்டு வந்திருக்கும், சுமையைக் குறைத்தால் தணியும். ஃப்ளாஷ்பேக் சட்டென்று வரும். பழைய நிகழ்வு இப்போதே நடப்பதாக உடல் நம்பும், இன்று எந்த நாள், எந்த இடம் என்று நினைவூட்டினால் தணியும். அதுபோலவே பேச்சும் அசைவும் நின்றுபோகும் ஷட்டவுனையும், தன் உடலிலிருந்தே விலகி நிற்பதுபோல் ஆகும் நிலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சுமையும் பழைய நினைவும் ஒரே நேரத்தில் வருவதும் உண்டு. அப்போது முதலில் விளக்கை அணைத்து, ஓசையைக் குறைத்து, பிறகு நினைவூட்டுவது நல்லது.

இரண்டாம் படி: தெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பது

தொலைபேசி கடினமென்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐந்து வரி போதும்: உங்கள் வயது, ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ உண்டு என்பது, பழைய மனக்காயம் உண்டு என்பது (விவரம் வேண்டாம்), எழுத்தில் பதில் வேண்டும் என்பது, பிறகு கேள்விகள். கேள்விகளை இப்படிக் கேட்கலாம்:

- ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ள வயது வந்த பெண்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? அவர்களுக்காக உங்கள் முறையில் என்ன மாற்றினீர்கள்?
- மனக்காயத்துக்கு எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? யாரிடம் மேற்பார்வை பெறுகிறீர்கள்?
- அமர்வில் எனக்குப் பேச்சு நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?
- நீங்கள் சொன்னது எனக்குப் பொருந்தவில்லை என்று நான் சொன்னால்?

முதல் கேள்வியின் பின்பாதிதான் முக்கியம். அனுபவம் இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடலாம். என்ன மாற்றினார் என்பதை வேலை செய்தவரால்தான் சொல்ல முடியும். "வினாக்களை எழுத்தில் முன்கூட்டியே அனுப்புவேன், கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்ல மாட்டேன், இடையில் எழுந்து நடக்கலாம்" என்பது போன்ற பதில் நல்ல அறிகுறி. "எல்லோருக்குமே கொஞ்சம் ஆட்டிசம் இருக்கிறது", "இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, உங்களுக்கு ஆட்டிசமா?", "முத்திரை எதற்கு, அதை மறந்துவிடுவோம்" என்றால் விலகிவிடுங்கள். முதல் சந்திப்பிலேயே நடந்தது முழுவதையும் விவரிக்கச் சொல்பவரிடமும் எச்சரிக்கை தேவை. எல்லாம் அறிந்தவர் கிடைக்காவிட்டால், மனக்காயத்தில் முறையான பயிற்சியும், உங்கள் இயல்பைக் கற்றுக்கொள்ளும் பணிவும் உள்ளவரைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. அவருக்கு ஆட்டிசத்தைக் கற்பிக்கும் வேலை முழுவதும் உங்கள் தலையிலும், உங்கள் நேரத்திலும் விழக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: முதல் மூன்று நான்கு அமர்வுகள்

இந்த அமர்வுகளில் காயத்தைத் திறக்க வேண்டியதில்லை. அறை, நேரம், விதிகள் ஆகியவற்றைப் பேசி முடிவு செய்வதற்கே இவை. குழல் விளக்குக்குப் பதில் மேசை விளக்கு, நேருக்கு நேர் இல்லாமல் சாய்வாகப் போட்ட நாற்காலி, கையில் உருட்ட ஏதாவது ஒன்று, கதவு தெரியும் இடத்தில் இருக்கை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். இணைய வழியில் என்றால் உங்கள் முகம் உங்களுக்கே தெரியும் சிறு கட்டத்தை மறைத்துவிடுங்கள். அது ஓயாத மாஸ்கிங்கைத் தூண்டும். கேமராவை அணைத்துவிட்டுத் தட்டச்சிலேயே ஓர் அமர்வை நடத்தலாமா என்றும் கேளுங்கள்.

வழக்கமான 50 நிமிடத்தை இப்படிப் பிரித்தால் நன்றாக இருக்கும்: முதல் 10 நிமிடம் வந்து சேர்ந்து நிதானமாக, அடுத்த 25 முதல் 30 நிமிடம் வேலை, கடைசி 10 நிமிடம் கட்டாயமாக மூடுவதற்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது கடினமான மூளை, கதறி முடித்த மறுநிமிடம் வாசலுக்குப் போக முடியாது.

நிறுத்துவதற்குச் சொல் தேவைப்படாத ஒரு சைகை வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டைகள் எளிது. மஞ்சள் என்றால் மெதுவாக, சிவப்பு என்றால் உடனே நிறுத்தம், காரணம் கேட்கக் கூடாது. இதை முதல் நாளே இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள். மறுத்தால் தண்டனை கிடைத்த வாழ்க்கையிலிருந்து வந்த பெண்ணுக்கு, சிவப்பு அட்டையைத் தூக்கியும் எதிரே இருப்பவர் முகம் மாறாமல் இருப்பதைப் பார்ப்பதே சிகிச்சையின் தொடக்கம்.

ரகசியம் எதுவரை காக்கப்படும், எந்தச் சூழலில் வெளியே சொல்வார்கள், அமர்வை மறந்துவிட்டால் கட்டணம் என்ன என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஏடிஹெச்டி உள்ளவர்கள் அமர்வை மறப்பதைச் சிகிச்சையை எதிர்ப்பதாகப் படித்துவிடும் தெரபிஸ்டுகள் உண்டு. முந்தைய நாளும் ஒரு மணி நேரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப ஏற்பாடு செய்தால் அந்தச் சிக்கலில் பாதி தீரும்.

நான்காம் படி: நிதானப்படுத்தும் கருவிகள்

இங்கேதான் பலர் மனம் உடைகிறார்கள். மூச்சைக் கவனி, உடல் முழுவதையும் மனத்தால் வருடிப் பார், பாதுகாப்பான இடத்தைக் கற்பனை செய் என்று சொல்லப்படும் மூன்றும் தோற்றுவிடும். என்னால் இதுகூட முடியவில்லையே என்று குறுகிப்போவார்கள். தோற்பதற்குக் காரணங்கள் உண்டு. உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகளைச் சிலருடைய மூளை மங்கலாகவும் சிலருடையது பேரிரைச்சலாகவும் வாங்குகிறது. மூச்சைக் கவனித்தால் மூச்சே பயமாகிவிடும். உடலில் காயம் பட்டவருக்கு உடலுக்குள் போவதே ஆபத்தான இடத்துக்குப் போவதுதான். மனக்கண்ணில் படமே தோன்றாதவர்களும் உண்டு.

வெளியிலிருந்து தொடங்குங்கள். கனமான போர்வை, சுவரை இரு கைகளால் 10 விநாடி அழுத்தித் தள்ளுவது, குளிர்ந்த நீரில் கை வைப்பது, ஆடுவது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது, ஆழ்ந்த ஈடுபாடுள்ள துறையைப் பற்றி 5 நிமிடம் பேசுவது எல்லாம் முறையான கருவிகளே. கற்பனை இடத்துக்குப் பதில் உண்மையான இடத்தின் புகைப்படம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், பதற்றம் இல்லாத நாட்களில், ஒரு வாரம் பழகுங்கள். பதற்றத்தின் உச்சத்தில் முதல்முறையாக முயன்றால் எந்தக் கருவியும் வேலை செய்யாது.

"இப்போது என்ன உணர்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் வராததும் பொதுவானது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது கடினம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேள்வியை மாற்றச் சொல்லுங்கள்: உடலில் எங்கே இறுகுகிறது, இப்போது என்ன செய்யத் தோன்றுகிறது (ஓடவா, ஒளியவா, கத்தவா, உறங்கவா), இந்த நான்கு சொற்களில் எது நெருக்கம். பதிலை அடுத்த நாள் எழுதி அனுப்பவும் வழி இருக்க வேண்டும். பலருக்கு உணர்ச்சி ஒரு நாள் தாமதமாகத்தான் வந்து சேரும்.

ஐந்தாம் படி: காயத்தைத் தொடுவது

நிறுத்தும் சைகையை நீங்களே ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். அமர்வுக்குப் பிறகு அன்றே ஓரளவு நிதானத்துக்குத் திரும்ப முடிய வேண்டும். வீட்டிலோ வேலையிடத்திலோ கொடுமை இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கக் கூடாது. தொடர்ந்தால் முதல் வேலை பாதுகாப்புத் திட்டம்தான். இவை மூன்றும் அமைந்த பிறகே நினைவுகளுக்குள் போவது நல்லது.

நினைவை மனத்தில் வைத்தபடியே கண்ணை இடமும் வலமும் அசைக்கும் மனக்காயச் சிகிச்சையான இ.எம்.டி.ஆர் முறைக்கு எட்டுக் கட்டங்கள். நினைவைத் தொடுவதற்கு முன் இரண்டு கட்டங்கள் முழுக்கத் தயாரிப்புக்கே. விரலைக் கண்ணால் தொடர்வது தலைவலியோ திணறலோ தந்தால், இரு முழங்கால்களையும் நீங்களே மாற்றி மாற்றித் தட்டலாம். துன்பத்துக்கு 0 முதல் 10 வரை எண் கேட்பார்கள். ஆறா ஏழா என்று சரியான எண்ணைத் தேடுவதிலேயே நீங்கள் சிக்கிக்கொண்டால், "சின்னது, நடுத்தரம், பெரியது" என்று மூன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) வகை முறைகளில் எண்ணங்களைச் சோதிப்பார்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: "பேசினால் என்னைக் கேலி செய்வார்கள்" என்ற எண்ணத்தைத் திரிபு என்று திருத்துவது. பள்ளி முழுக்கக் கேலிக்கு ஆளான பெண்ணுக்கு அது நடந்த உண்மை. அதை மறுத்தால் நம்பிக்கை போய்விடும். நடந்ததை ஒப்புக்கொண்டு, "கேலி செய்தது என் குற்றத்தால்" என்ற பகுதியை மட்டும் எடுத்துப் பேச வேண்டும். நினைவை மீண்டும் மீண்டும் விவரிக்கும் முறையில் அமர்வு பெரும்பாலும் 60 முதல் 90 நிமிடம் நீளும். அவ்வளவு நேரம் தாங்காவிட்டால் சிறு துண்டுகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

பிடிஎஸ்டி என்றால் உயிராபத்து, கடும் காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றையே அமெரிக்கக் கையேடு கணக்கில் எடுக்கிறது. ஆனால் இப்பெண்கள் சுமப்பது பல நேரம் ஆயிரம் சிறு காயங்கள்: அழாதே, இதற்கெல்லாமா கத்துவது, ஏன் மற்றவர்களைப் போல இருக்க மாட்டேன் என்கிறாய். பெரிய நிகழ்வு எதுவும் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரே வகையான நிகழ்வுகளில் முதலாவது, மிக மோசமானது, கடைசியானது என மூன்றை மட்டும் எடுத்து வேலை செய்வது நடைமுறையில் உள்ள வழி.

இப்படிப்பட்ட அமர்வுக்குப் பின் அடுத்த நாளை முடிந்தவரை காலியாக வையுங்கள். இரண்டு மூன்று நாள் களைப்பும் கனவுகளும் வரலாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் தூக்கம், உணவு, பேச்சு திரும்பாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். நான்காம் படிக்குத் திரும்ப வேண்டும்.

எங்கே தவறுகிறது

நல்ல மாணவிபோல நடந்துகொள்வது முதல் ஆபத்து. சிரித்து, தலையாட்டி, வீட்டுப் பாடம் முடித்து, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்து மூன்று நாள் படுத்துக்கிடப்பது. எதிரே இருப்பவரைச் சமாதானப்படுத்தித் தப்பிப் பிழைத்த பழக்கம் தெரபிஸ்டிடமும் வேலை செய்யும். இதற்கு மருந்து, அமர்வின் தரத்தை அதே அறையில் கேட்காமல் அடுத்த நாள் எழுத்தில் கேட்பது.

ஆட்டிச பர்ன்-அவுட்டை மனச்சோர்வாக எடுத்துக்கொள்வது அடுத்தது. மாதக்கணக்கில் நீளும் களைப்பு, முன்பு இருந்த திறன்கள் மங்குதல், ஒளியும் ஓசையும் முன்னைவிடத் தாங்காமை மூன்றும் சேர்ந்து வந்தால் பர்ன்-அவுட்டை நினைக்க வேண்டும். மனச்சோர்வுக்கு வெளியே போ, ஆட்களைப் பார், வேலைகளைக் கூட்டு என்பார்கள். பர்ன்-அவுட்டுக்கு அது தலைகீழ். அங்கே குறைக்க வேண்டும்: சந்திப்புகளை, முடிவுகளை, மாஸ்கிங்கை. காயத்தைத் திறக்கும் வேலையையும் அப்போது நிறுத்தி வைப்பதே சரி.

மாஸ்கை ஒரே நாளில் கழற்றச் சொல்வதும் தவறு. அது பலரை அடியிலிருந்தும் வேலை இழப்பிலிருந்தும் காத்த கவசம். முதலில் தனியாக இருக்கும்போது, பிறகு நம்பகமான ஒருவரிடம், எந்த இடத்தில் கழற்றலாம், எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து போங்கள்.

ஒவ்வொரு ஆறு அமர்வுக்கும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். அழாமல் இருந்தீர்களா, கண்ணைப் பார்த்தீர்களா என்பது அளவுகோல் ஆகாது. திணறலிலிருந்து மீள எடுக்கும் நேரம் குறைந்ததா, "வேண்டாம்" என்று சொல்ல முடிந்ததா, உங்களைத் திட்டிக்கொள்வது குறைந்ததா, விருப்பமான வேலைக்குத் தெம்பு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு கணக்கெடுப்பிலும் நகர்வே இல்லை, சொல்லியும் தெரபிஸ்ட் எதையும் மாற்றவில்லை என்றால் வேறு ஒருவரைத் தேடலாம். விலகும் கடிதம் மூன்று வரியில் இருக்கலாம்; காரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உங்கள் குறிப்புகளின் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நெருக்கடிக்கான அட்டை

இதை முதல் மாதத்திலேயே தெரபிஸ்டோடு சேர்ந்து எழுதிவிடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தொலைபேசியில் பேச முடியாத பெண்கள் நிறையப் பேர். ஆகவே குறுஞ்செய்தியில் உதவி தரும் சேவை உங்கள் பகுதியில் எது என்று முன்பே பார்த்து எண்ணைப் பதிந்து வையுங்கள். "எனக்கு இப்போது பேச்சு வரவில்லை, காது கேட்கும், எழுதிக் காட்டுவேன், தொட வேண்டாம், விளக்கைக் குறையுங்கள்" என்று எழுதிய அட்டை ஒன்று பையிலும், அதன் படம் தொலைபேசியின் பூட்டுத் திரையிலும் இருக்கட்டும். அடியில் மருந்துகளின் பெயரும், உடன் வரக்கூடிய ஒருவரின் எண்ணும். அந்த ஒருவரிடம் "வா" என்ற ஒற்றைச் சொல் செய்தி வந்தால் கேள்வி கேட்காமல் வர வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்து, ஒருமுறை அனுப்பியும் பாருங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அட்டையோடு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அடுத்த அமர்வு வரை காத்திருக்கக் கூடாது.